கேள்வியோடு எழுந்து வந்தவர்

பாதிக் கதை சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்களை எனக்கு ஆகவே ஆகாது. ஆரம்பித்தால் முடிக்க வேண்டும், முடிக்க முடியாதென்றால் வாயைத் திறக்கக் கூடாது. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு நாள் முழுக்க அடுத்தவர் பேச்சுதான் துணை. கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வருகிறவர்கள் நகல் எடுப்பதற்குள் பட்டாத் தகராறை ஆரம்பித்து, சில்லறை வாங்குவதற்குள் மருமகள் வரைக்கும் வந்துவிடுவார்கள். நானும் விடமாட்டேன், முடிவு தெரியாமல் ஒருவரையும் கடையை விட்டு அனுப்பியதில்லை. இப்படிப்பட்ட எனக்கு, மஞ்சக்குப்பத்தில் மாடி வீடு வாடகைக்குப் பிடித்தபோது, கீழ் வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரராக வந்து வாய்த்தார் அந்த அக்கா.

தெருவில் அவருக்கு டெல்லிக்காரம்மா என்று பெயர். பிறந்தது சிதம்பரம், படித்தது அண்ணாமலை நகர். ஆனால் வேலைக்காலம் முழுவதும் டெல்லியில், பாராளுமன்றத்தில். எம்.பி.யாக இல்லை. எம்.பி.க்கள் பேசுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் பிடித்து, வார்த்தை மாறாமல் தட்டச்சு செய்து கொடுக்கிற நிருபர் வேலை. அதிலும் கடைசிப் பல வருடங்கள் பாதுகாப்புத் துறைக்கான நிலைக்குழுவின் கூட்டங்களில்தான் அதிகம் உட்கார்ந்திருக்கிறார். ராணுவத்துக்கு ஒதுக்கிய பணம் என்ன ஆனது, வாங்கிய பொருள் போய்ச் சேர்ந்ததா, எல்லையில் இருப்பவனுக்குச் சோறும் சட்டையும் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று எம்.பி.க்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து கேட்பார்கள். தளபதிகளும் செயலாளர்களும் எதிரே உட்கார்ந்து பதில் சொல்வார்கள். கதவு சாத்தியிருக்கும். உள்ளே நடப்பதை வெளியே பேசக் கூடாது.

ஓய்வு பெற்றுக் கடலூருக்கு வந்தவரைத் தெரு சும்மா விடுமா? முனை மளிகைக்கடை மாமாவுக்கு அவரைப் பார்த்தாலே வாய் ஊறும்.

"ஏம்மா, பெரிய பெரிய ஜெனரலையெல்லாம் நேர்ல பாத்திருப்பீங்களே. எப்புடிம்மா இருப்பாங்க?"

"மனுசங்க மாதிரிதான் மாமா. ஒருத்தருக்கு ஓயாத இருமல். இன்னொருத்தர் பிஸ்கட்ட டீல தோய்ச்சு, அது உடைஞ்சு உள்ள விழுந்துடுச்சு. ஸ்பூனும் இல்ல. அந்த நேரம் பாத்து ஒரு எம்.பி. அவரப் பாத்துக் கேட்டாரு..."

"என்னா கேட்டாரு?"

"கேட்டாரு. அப்புறம் நான் எழுந்து வந்துட்டேன்."

உளுத்தம்பருப்பு வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார். மாமா தராசைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். எனக்கு அவரைவிட அதிகமாகப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாக் கதையும் அந்த இடத்தில்தான் போய் நிற்கும். அப்புறம் நான் எழுந்து வந்துட்டேன். அழுத்தக்காரி, எல்லாம் தெரிந்துகொண்டு நம்மை வைத்து விளையாடுகிறாள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கதையில்தான் என்றில்லை, எதிலுமே அப்படித்தான். மாடிக்கு வந்து என் அம்மாவோடு உட்கார்ந்து சீரியல் பார்ப்பார். மாமியார் மருமகளைப் பிடித்து நிறுத்தி, "சொல்லு, அந்தக் குழந்தை யாருடையது?" என்று கேட்கும்போது எழுந்து செருப்பைத் தேடுவார். மறுநாள் அம்மா ஆசையாக முடிவைச் சொல்லப் போனால், "வேணாம்மா" என்று கையைக் காட்டி நிறுத்துவார். எங்கள் உறவில் ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மேளக்காரர் கெட்டிமேளத்துக்குத் தவிலைச் சரி செய்கிற நேரத்தில் பக்கத்து நாற்காலியைப் பார்க்கிறேன், காலியாக இருக்கிறது. வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"என்னக்கா, தாலி கட்டறதப் பாக்காம வந்துட்டீங்க?"

"பழக்கம்டி. பத்து நிமிஷம் ஆனா உடம்பு தானா எழுந்துக்குது."

அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்து, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். கூட்டம் மணிக்கணக்கில் நடக்கும். ஆனால் ஒரு நிருபர் மொத்தமாக உட்கார்ந்து எழுதுவதில்லை. பத்து நிமிடம் ஒருவர். அது முடிந்ததும் அடுத்தவர் சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் உட்காருவார், முதலில் இருந்தவர் எழுந்து அறைக்குப் போய், எழுதியதைத் தட்டச்சு செய்ய வேண்டும். அக்காவின் முறை பெரும்பாலும் எம்.பி.க்கள் கேள்வி கேட்கத் தொடங்குகிற நேரமாக அமைந்துவிடும். அவர்கள் சுலபத்தில் முடிக்க மாட்டார்கள், சுற்றி வளைத்து ஊர்க்கதையெல்லாம் பேசித்தான் கேள்விக்கு வருவார்கள். கேள்வி முடிய, அக்காவின் முறையும் முடியும்.

"அப்ப பதிலு?"

"அடுத்த டேர்ன்ல வர்றவரு கேட்பாரு."

"வெளிய வந்ததும் அவர்கிட்ட கேட்டுக்க வேண்டியதுதானே?"

"கேக்கக் கூடாதுடி. அவர் எழுதினது அவரோட, நான் எழுதினது என்னோட."

என் கோபம் கொஞ்சம் இறங்கியது அன்றைக்குத்தான். இந்த அம்மா எதையும் ஒளிக்கவில்லை, இவரிடம் இருப்பதே கேள்விகள் மட்டும்தான். ஒரு ஆயுள் முழுக்க நாட்டின் பெரிய பெரிய கேள்விகளைக் காதால் கேட்டுவிட்டு, பதிலுக்கு முன்னால் எழுந்து வந்திருக்கிறார். நானாக இருந்தால் கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றிருப்பேன், முதல் மாதமே வேலை போயிருக்கும்.

கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்றும் ஒருமுறை கேட்டேன். என்னைப் போன்றவள் கேட்காமல் இருப்பாளா? வெள்ளிக் கடற்கரைக்கு நடந்து போயிருந்தோம். சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு அடுத்த டேர்ன் ஒருத்தரு. கன்னடக்காரரு. நான் எழுந்துக்கும்போது அவர் வந்து உக்காருவாரு. உக்காரும்போது என் பென்சில் உருண்டு போகாம தள்ளி வப்பாரு. வருஷக்கணக்கா அப்புடித்தான். கதவுகிட்ட பாப்போம், ஒரு சிரிப்பு. கேள்வியெல்லாம் என்கிட்ட, பதிலெல்லாம் அவர்கிட்ட."

"அப்புறம்?"

"அப்புறம் டேர்ன மாத்திப் போட்டுட்டாங்க."

அவ்வளவுதான். பொட்டலத்தைப் பிரித்துச் சுண்டலை எனக்கும் கொடுத்தார். மேலே கேட்க எனக்கே மனசு வரவில்லை.

எல்லையில் பதற்றம் என்று தொலைக்காட்சிக்காரர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த சமயம் அது. என் தம்பி ராணுவத்தில் இருக்கிறான். வழக்கமாக ஞாயிறுதோறும் பேசுகிறவன், ஒரு ஞாயிறு பேசவில்லை, அடுத்த ஞாயிறும் பேசவில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவனோடு இருக்கிற பையன்களின் எண்களும் அப்படியே. வாட்ஸப்பில் யாரோ எங்கேயோ எடுத்த படங்களை இங்கே நடந்ததாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அம்மா சாப்பாட்டை விட்டுவிட்டாள். போனை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். எது கேட்டாலும், "அவன் கூப்புட்டானா?" என்பதுதான் பதில்.

நான் கீழே இறங்கிப் போய் அக்கா முன்னால் நின்றேன்.

"இத்தன வருஷம் அவுங்க நடுவுல உக்காந்திருந்தீங்களே. இந்த மாதிரி நேரத்துல போன் வராதது சகஜம்தான்னு ஒரு வார்த்த எங்கம்மாகிட்ட வந்து சொல்லுங்கக்கா. வேற ஒண்ணும் வேணாம்."

"என்னால முடியாதுடி" என்றார்.

"ஒரு வார்த்தைக்கா."

"எது பேப்பர்ல படிச்சது, எது அந்த ரூம்ல கேட்டதுன்னு இப்ப எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல. எல்லாம் ஒண்ணா கலந்து போச்சு. அதனாலதான் இருமல், பிஸ்கட்டத் தாண்டி நான் எதுவுமே பேசறதில்ல. சகஜம்னு சொல்லிட்டு, அது உள்ள கேட்டதா இருந்தா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்க வாயில இருக்கற முத்த நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு மாடியேறி வந்துவிட்டேன். ஒரு தாய் கண் முன்னால் காய்ந்துகொண்டிருக்கிறாள், இந்த அம்மா விதிமுறை பேசுகிறார். வேறு வீடு பார்த்துவிட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலையில் கதவைத் தட்டினார். புடவை மாற்றி, கையில் பையும் குடையுமாக நின்றார்.

"சிதம்பரம் வரைக்கும் போய்ட்டு வரலாம், வர்றியா? குழு அறிக்கையெல்லாம் அச்சாகும். சபையில வச்ச பிறகு அது எல்லாருக்கும் பொது. அச்சுல இருக்கறத நான் யார்கிட்ட வேணாலும் சொல்லலாம். ஜவானோட குடும்பத்துக்குத் தகவல் சொல்றதப் பத்தி ஒரு தடவ கேட்டாங்க. நான்தான் எழுதினேன். அந்த அறிக்கை போன்ல திறக்கவே மாட்டேங்குது. அண்ணாமலை நகர் லைப்ரரில பழசெல்லாம் பைண்டு பண்ணி வச்சிருப்பாங்க."

கடையை அடைத்துவிட்டுக் கிளம்பினேன். கோபம் போகவில்லை, ஆனாலும் கிளம்பினேன். பஸ் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டியது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தார், பழைய வாக்கியத்தை ஞாபகப்படுத்திக்கொள்கிறவர் மாதிரி.

நூலகத்தில் எங்களை உள்ளே விட்டதே அவருடைய அடையாள அட்டையைப் பார்த்துத்தான். ஒரு மூலை அலமாரியில், தடித் தடியாக, நாடாளுமன்ற அறிக்கைகள். யாரும் தொட்டு எத்தனை காலமோ, எடுக்க எடுக்கத் தும்மல். மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டுத் தேடினோம். கடைசியில் அவர் விரல் ஒரு பக்கத்தில் நின்றது. ஆங்கிலத்தில் இருந்ததை எனக்காக மெதுவாகத் தமிழில் சொன்னார்.

"முன்னணி நிலைகள்ல இருக்கற ஜவான்கள், பதற்றமான நேரத்துல வீட்டோட பேச முடியாமப் போகும்போது, அவுங்க நல்லா இருக்காங்களான்னு அவுங்க தாய் தகப்பனுக்கு யார் சொல்றது, எப்புடிச் சொல்றதுன்னு குழு கேட்டது. அதுக்கு அமைச்சகத்தோட பிரதிநிதி சொன்னதாவது..."

நிறுத்திவிட்டார்.

"சொல்லுங்கக்கா."

புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். அந்த இடத்தில் எழுத்து இல்லை. மூன்று நட்சத்திரக் குறிகள் மட்டும் இருந்தன. அதற்குக் கீழே அடுத்த கேள்வி ஆரம்பமாகியிருந்தது. நாட்டின் பாதுகாப்புக்காக வெளியிட முடியாததை அச்சிடுவதற்கு முன் எடுத்துவிட்டு, அங்கே இப்படிப் போட்டுவிடுவார்களாம்.

"இந்த மூணு பூச்சியப் பாக்கறதுக்கா பஸ் ஏறி வந்தோம்?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, தூரத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

அக்காவுக்கு அது காதில் விழவில்லை. ஆள்காட்டி விரலால் அந்த மூன்று குறிகளையும் தடவிக்கொண்டிருந்தார். "இது அவரு எழுதினது" என்றார். அந்தக் கன்னடக்காரரைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தேன்.

கொஞ்சநேரம் கழித்து அவரே எழுந்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. "கேள்விய அச்சடிச்சிருக்காங்க, பாத்தியா? கேள்விய நான் சொல்லலாம்."

கேள்வியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதை அம்மா ஏற்கெனவே நூறு தடவை கேட்டுக்கொண்டுதானே இருக்கிறாள்? ஆனால் அந்த முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா நேராக மாடிக்கு ஏறினார். அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அறிக்கையில் இருந்த கேள்வியை வார்த்தை மாறாமல் சொன்னார். அம்மா சுவரிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"இத யாரு கேட்டது?"

"ஒரு எம்.பி., அம்மா. வயசானவரு."

"அவரு புள்ளயும் பட்டாளத்துல இருக்கறானா?"

"இல்லம்மா. அவருக்குக் குழந்தைங்களே இல்ல."

"யாரக் கேட்டாரு?"

"எதுக்க பெரிய பெரிய ஆபீசருங்க. அவுங்களப் பாத்துக் கேட்டாரு. மேசையத் தட்டிக் கேட்டாரு." சொல்லி முடித்ததும் அக்கா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். மேசையைத் தட்டியது அறிக்கையில் இல்லை. அதை அந்த அறையிலிருந்து எடுத்து வந்துவிட்டார்.

அம்மா அதைக் கவனிக்கவில்லை. பதில் என்ன என்றும் கேட்கவில்லை. "நம்மளுக்காக ஒருத்தர் மேசையத் தட்டிக் கேட்டிருக்காரு" என்று தனக்குத்தானே இரண்டு மூன்று முறை சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "ரசம் இருக்குதாடி?" என்றாள். தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நான் சமையற்கட்டில் நின்று அழுதேன்.

அக்கா அதற்குப் பிறகு பல நாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். ஒரு மேசைத் தட்டலைச் சொன்னதற்காக! யார் வந்து அவரைப் பிடிக்கப் போகிறார்கள்? "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றால், "உனக்குத் தெரியாதுடி" என்பார். தம்பி போனில் பேசிய அன்றைக்கு அம்மா ஓடிப்போய்ச் சொன்னபோதுதான் கதவு முழுதாகத் திறந்தது. எங்கே இருக்கிறான், என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சாப்புட்டானாமா?" என்று மட்டும் கேட்டார்.

விடுப்பில் வந்த தம்பியை அவரிடம் அழைத்துப் போனேன். ஆளே இளைத்துப் போயிருந்தான். எங்களிடம் எதற்கும் நல்லாயிருக்கேன், நல்லாயிருக்கேன் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்தார்கள். அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினான். அவர் சரி என்பது போலத் தலையசைத்தார். அவர் ஒன்று கேட்க வாயெடுத்து வேண்டாம் என்று விட்டார், அவன் சிரித்தான். இப்படியே வெகுநேரம் போயிற்று. பத்து நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. அக்கா எழுந்திருக்கவே இல்லை. அத்தனை வருடத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் அந்த அறையில் நிற்க இடமில்லாதது போல் இருந்தது. என் தம்பியும் பாதியில் நிறுத்துகிறவனாக ஆகிவிட்டான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அம்மா மட்டும் விடவில்லை. அவன் விடுப்பு முடிந்து கிளம்பும்வரை, "அங்க எப்புடிடா இருந்துச்சு? பயமா இருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "அவந்தான் சொல்ல மாட்டேங்கறானே, எதுக்கும்மா போட்டு நச்சரிக்கற?" என்றேன். "அவன் சொன்னா சொல்றான், சொல்லாட்டிப் போறான். ஒருத்தி கேட்டான்னு அவனுக்குத் தெரிய வேணாமா?" என்றாள்.

போன மழைக்காலத்தில் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தார். அவருடைய அண்ணன் மகன் வந்து சிதம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். நான் போய்ப் பார்த்தபோது சுவரோரக் கட்டிலில் சின்னதாகக் கிடந்தார். பக்கத்துக் கட்டில்களைச் சுற்றியெல்லாம் கூட்டம், இவரைச் சுற்றி யாருமில்லை. அண்ணன் மகன் மருந்து வாங்கப் போயிருந்தான். கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. இவரிடம் நான் கேட்டதெல்லாம் டெல்லிக் கதையும், எனக்கு வேண்டிய பதிலும்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

"இத்தன வருஷம் ஒண்டியா இருந்தீங்களே, கஷ்டமா இருந்துச்சாக்கா?"

என்னையே பார்த்தார். உதடு பிரிந்தது. அந்த நேரத்தில் நர்ஸ் வந்து, பார்வையாளர் நேரம் முடிந்தது, எல்லாரும் கிளம்புங்கள் என்றார். நான் நகராமல் நின்றேன். அக்காதான் கையை என் பிடியிலிருந்து மெதுவாக எடுத்து, போ என்று காட்டினார். நேரம் முடிந்தால் எழுந்துவிட வேண்டும் என்பது அவருக்கு அங்கேயும் மாறவில்லை.

மறுநாள் நான் கடை திறப்பதற்குள் செய்தி வந்துவிட்டது.

துக்கம் விசாரிக்க வந்த மளிகைக்கடை மாமா, "கடைசியா பாத்தது நீதானே, என்னாம்மா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணு கேட்டேன் மாமா. அப்புறம் நான் எழுந்து வந்துட்டேன்."

மாமா எழுந்து போய்விட்டார். அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கேட்ட இல்ல? அது போதும் அவுங்களுக்கு" என்றாள்.

அவருக்குப் போதுமாக இருந்திருக்கலாம். எனக்குப் போதவில்லை.